படிவத்தில் ‘வேவ்’ என்று வந்தால்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஆங்கிலத்தில் பேசும்போது அதிகம் வாயில் வராத, ஆனால் பணமோ உரிமையோ சம்பந்தப்பட்ட காகிதம் எதைப் பிரித்தாலும் எதிரே வந்து நிற்கிற வினைச்சொல் ஒன்று உண்டு: ‘வேவ்’. டபிள்யூ, ஏ, ஐ, வி, இ என்று எழுத வேண்டும். பெயர்ச்சொல்லானால் ‘வேவர்’. விண்ணப்பக் கட்டணம் வேவ் செய்யப்படும் என்பார்கள். விசா வேவர் என்பார்கள். ‘வழக்குத் தொடரும் உரிமையை நான் வேவ் செய்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

அகராதி ‘விட்டுக்கொடு, கைவிடு, தள்ளுபடி செய்’ என்று மூன்று சொற்களைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தைப் படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும். இதே சொல் ஒரு வரியில் உங்களுக்கு லாபமாக இருக்கும், அடுத்த வரியில் நஷ்டமாக இருக்கும். தெரிந்தவர்களின் ஆங்கிலப் படிவங்களைப் படித்துத் தமிழில் விளக்குவது எனக்குப் பழகிப்போன வேலை. அதில் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிய அளவுக்கு வேறு எதோடும் மல்லுக்கட்டியதில்லை. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன்.

1. முதலில் எழுத்தைச் சரிபாருங்கள்

கையசைப்பதற்கும் அலைக்கும் ஒரு ‘வேவ்’ இருக்கிறது. அதில் ஐ என்ற எழுத்து கிடையாது. தயங்குவது, தடுமாறுவது என்ற பொருளில் ‘வேவர்’ என்று ஒரு வினையும் இருக்கிறது. அதிலும் ஐ கிடையாது. காதால் கேட்டால் வித்தியாசமே தெரியாது. அதனால் தொலைபேசியில் யாராவது ‘கட்டணம் வேவ்’ என்று சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை பிடிக்கும் மென்பொருளை நம்ப வேண்டாம். ஐ இல்லாமல் எழுதினாலும் அது ஒரு சரியான ஆங்கிலச் சொல்தான் என்பதால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நீங்கள் அதிகாரியிடம் கட்டணத்தை அசைக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருப்பீர்கள்.

இன்னொரு பொறி, ‘வேவ் ஆஃப்’. இந்திய ஆங்கிலத்தில் ‘கடனை வேவ் ஆஃப் செய்தார்கள்’ என்று நாளிதழே எழுதும். பொது ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ஆஃப் தேவையில்லை, வெறும் ‘வேவ்’ போதும். ஆஃப் சேர்ந்து வருவது அந்தக் கையசைக்கிற வேவ். யாரையோ எதையோ கையை ஆட்டி ஒதுக்கிவிடுவதற்கு அது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ தூதரகத்துக்கோ எழுதும் கடிதத்தில் ஆஃப் வேண்டாம்.

2. விடுகிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

மற்ற படிகளைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள்.

ஒருவர் ஒன்றை வேவ் செய்ய வேண்டுமானால் அவர் கையில் முதலில் ஏதாவது இருக்க வேண்டும். கேட்கும் உரிமையோ, வசூலிக்கும் உரிமையோ, ‘இதைச் செய்துதான் ஆக வேண்டும்’ என்று வற்புறுத்தும் அதிகாரமோ இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறேன் என்று அவர் சொல்வதுதான் வேவ். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938-ல் ஜான்சன் எதிர் ஜெர்ப்ஸ்ட் வழக்கில் இதற்குக் கொடுத்த விளக்கம் இன்றும் எடுத்தாளப்படுகிறது: தனக்கு இருப்பதாகத் தெரிந்த உரிமையை வேண்டுமென்றே கைவிடுவது. தெரிந்திருக்க வேண்டும், உரிமையாக இருக்க வேண்டும், வேண்டுமென்றே விட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேவ் இல்லை, வெறும் மறதி அல்லது ஏமாற்றம்.

ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி: இங்கே வற்புறுத்தியிருக்கக்கூடியவர் யார்? வங்கி, பல்கலைக்கழகம், அரசு என்று பதில் வந்தால் பெரும்பாலும் உங்களுக்கு நன்மை. ‘நான்’ என்று பதில் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

ஆங்கிலப் படிவங்கள் இந்தப் பதிலை மறைத்து எழுதுவதில் கெட்டிக்காரர்கள் எழுதியவை. ‘ஆல் ரைட்ஸ் ஆர் ஹியர்பை வேவ்ட்’ என்று செயப்பாட்டு வினையில் போட்டுவிடுவார்கள். எல்லா உரிமைகளும் இதன் மூலம் கைவிடப்படுகின்றன. சரி, யாருடைய உரிமைகள்? கையெழுத்துக் கோடு யார் பெயருக்கு மேலே இருக்கிறதோ அவருடைய உரிமைகள்.

ஒரே காகிதத்தில் இரண்டு பேரும் வேவ் செய்வதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் விசா வேவர் திட்டம். பட்டியலில் உள்ள நாடுகளின் குடிமக்கள் சுற்றுலாவுக்கோ வணிகப் பயணத்துக்கோ விசா இல்லாமல் 90 நாள் வரை போய்வரலாம். இங்கே அமெரிக்க அரசு ‘விசா வேண்டும்’ என்ற நிபந்தனையை விடுகிறது. ஆனால் அதற்காக இணையத்தில் நிரப்பும் ‘எஸ்டா’ அனுமதிப் படிவத்தில், எல்லையில் அதிகாரி எடுக்கும் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையையும், புகலிடக் கோரிக்கை தவிர வேறு காரணம் சொல்லி வெளியேற்றத்தை எதிர்க்கும் உரிமையையும் பயணி விடுகிறார். பலர் முதல் வேவரை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதைப் படிக்காமலே குறியிட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, விசாதான் வேவ் ஆகியிருக்கிறது, செலவு வேவ் ஆகவில்லை. எஸ்டாவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சாதாரணமாக இரண்டு ஆண்டு செல்லும், பாஸ்போர்ட் அதற்கு முன் காலாவதியானால் அதோடு முடிந்தது. பயணத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். அதற்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.

அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வரும் ஒரு கேள்வியும் மாணவர்களைக் குழப்புகிறது. ‘பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை வேவ் செய்கிறீர்களா?’ 1974-ம் ஆண்டின் கல்விப் பதிவுகள் சட்டப்படி, சேர்ந்த மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம். அந்த உரிமையைத்தான் இங்கே விடச் சொல்லிக் கேட்கிறார்கள். ‘ஆம்’ என்றால் ஆசிரியர் என்ன எழுதினார் என்று நீங்கள் பின்னால் கேட்டுப் பார்க்க முடியாது. பயந்துபோய் ‘இல்லை’ போடுகிறவர்கள் உண்டு. ஆனால் பொதுவாக ‘ஆம்’ போடச் சொல்லித்தான் வழிகாட்டுவார்கள், மாணவர் கண்ணில் படாத கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பது காரணம். வேவ் செய்தால்தான் இடம் என்று நிபந்தனை போட அந்தச் சட்டம் கல்வி நிறுவனத்தை அனுமதிப்பதில்லை. ‘நான் விடுகிறேன்’ என்ற வரிகளில் கவலைப்படாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய சிலவற்றில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

3. எதை விடுகிறார்கள், எந்த எல்லை வரை

யார் என்பது தெரிந்த பிறகு, எது என்பதை விரல் வைத்துப் படியுங்கள். வேவ் எப்போதும் எழுதியிருக்கும் அளவுக்குத்தான், அதற்கு அடுத்த அங்குலம் கிடையாது.

தூதர்களின் சட்டப் பாதுகாப்பு இதைப் புரிந்துகொள்ள உதவும். 1961-ன் வியன்னா ஒப்பந்தம், 32-வது பிரிவு. தூதர் மீது அவர் பணிபுரியும் நாட்டு நீதிமன்றம் வழக்கு நடத்த முடியாது என்ற பாதுகாப்பை யார் விடலாம்? தூதர் அல்ல, அவரை அனுப்பிய நாடு. அந்த உரிமை அவருடைய சொந்தச் சொத்தல்ல என்பதே காரணம். விடுவதாக இருந்தால் வெளிப்படையாகச் சொல்லித்தான் விட வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதோடு நிற்கவில்லை: சிவில் வழக்கை நடத்த அனுமதித்து ஒரு வேவர் கொடுத்தால், தீர்ப்பை நிறைவேற்றவும் அனுமதித்ததாக ஆகாது, அதற்குத் தனியாக இன்னொரு வேவர் வேண்டும். நாடுகளுக்கே இவ்வளவு கறார் என்றால் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடன் அட்டையில் ‘ஆண்டுக் கட்டணம் வேவ்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால், கீழே சின்ன எழுத்தில் முதல் ஆண்டுக்கு மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். ஆண்டுக்கு இவ்வளவு செலவு செய்தால் என்ற நிபந்தனையும் சகஜம். தாமதக் கட்டணம் வேவ் ஆனால் அந்த மாத வட்டி வேவ் ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. காப்பீட்டில் ‘பிரீமியம் வேவர்’ என்பது நீங்கள் வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்தால் பிரீமியம் கட்டாமலே பாலிசி தொடரும் என்பது. நல்ல வசதிதான், ஆனால் வேலை செய்ய முடியாத நிலை என்று எதை ஏற்பார்கள், எத்தனை மாதம் காத்திருந்த பிறகு அது தொடங்கும் என்பதைப் பாலிசியில் தேடிப் படிக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்துக்கான பிரீமியத்தை நீங்கள்தான் கட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

வாடகைக் கார் எடுக்கும்போது வரும் ‘கொலிஷன் டேமேஜ் வேவர்’ இன்னும் விசித்திரம். வேவ் செய்வதற்கே காசு வாங்குவார்கள். காருக்குச் சேதம் வந்தால் உங்களிடம் வசூலிக்கும் உரிமை கார் நிறுவனத்துக்கு இருக்கிறது. அதை விட்டுவிட நாள் கணக்கில் ஒரு தொகை கேட்கிறது. இது காப்பீடு மாதிரித் தோன்றினாலும் நீங்களும் கார் நிறுவனமும் செய்துகொள்ளும் ஏற்பாடுதான். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலும் இதில் சேராது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ வேவரே செல்லாமல் போகும். உங்கள் கடன் அட்டையே இந்த வசதியைத் தருகிறதா என்று கவுண்டருக்குப் போவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நின்றபடி யோசித்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது போலப் பேசுவார்கள்.

வட அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் மட்டும் ‘அணி அவரை வேவ் செய்தது’ என்று மனிதரே செயப்படுபொருளாக வருவார். ஆட்டக்காரர் மீது தனக்குள்ள உரிமையை அணி விடுகிறது, வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் வேலை போய்விட்டது. உங்களுக்கு வரும் கடிதங்களில் இந்தப் பயன்பாடு வராது.

4. அக்கம்பக்கச் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

பணம் கையை விட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

‘எக்ஸெம்ப்ட்’ என்றால் ஆளுக்கு விலக்கு. விதியே உங்களைத் தொடாது, யாரும் மனமிரங்க வேண்டியதில்லை. வேவ் என்றால் விதி உங்களைத் தொடுகிறது, ஆனால் இந்த முறை அதிகாரம் உள்ளவர் விட்டுவிடுகிறார். விலக்கு பெற்றவர் தகுதிச் சான்றைக் காட்டினால் போதும். வேவ் கேட்கிறவர் காரணம் சொல்ல வேண்டும், அவர்கள் மறுக்கலாம்.

‘டிஃபர்’ என்றால் தள்ளிவைப்பு. கடன் தவணை டிஃபர் ஆனால் பின்னால் கட்டியே தீர வேண்டும், இடைப்பட்ட காலத்துக்கு வட்டியும் ஏறலாம். ‘ரீஃபண்ட்’ என்றால் கட்டியதைத் திருப்பித் தருவது. வேவ் பெரும்பாலும் கட்டுவதற்கு முன்னால் நடப்பது. இது ஏன் முக்கியம் என்று ஆறாவது படியில் பார்க்கலாம்.

‘ரைட் ஆஃப்’ என்பது எல்லாவற்றையும் விட ஆபத்தானது. வங்கி ஒரு கடனை ரைட் ஆஃப் செய்வது தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்ய. இது வசூலாகாது என்று தன் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. நீங்கள் கட்ட வேண்டிய கடன் அப்படியேதான் இருக்கும், வசூலுக்கும் ஆள் வரலாம். வேவ் செய்தால்தான் கடனே போகும். தமிழில் இரண்டையும் ‘கடன் தள்ளுபடி’ என்று எழுதிவிடுகிறோம், அங்கேதான் வம்பு.

‘தள்ளுபடி’ என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். கடன் தள்ளுபடி என்றால் கடன் வாங்கியவருக்குச் சந்தோஷம். மனு தள்ளுபடி என்றால் மனுப் போட்டவருக்கு வருத்தம், அதற்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்மிஸ்’. கடையில் தள்ளுபடி என்றால் விலைக் குறைப்பு, அதற்கு ‘டிஸ்கவுண்ட்’. ‘கட்டணத் தள்ளுபடிக் கோரிக்கை தள்ளுபடி’ என்று ஒரு வரி எழுதினால் இலக்கணப்படி சரிதான், படிக்கிறவர் பாடுதான் திண்டாட்டம். தமிழில் விளக்கும்போது நான் பணத்துக்கு ‘கட்டணத்தை விட்டுவிடுகிறார்கள்’ என்றும், உரிமைக்கு ‘உரிமையைத் துறக்கிறீர்கள்’ என்றும் பிரித்துச் சொல்கிறேன். ‘துறக்கிறீர்கள்’ என்று கேட்டதும் யாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். உட்கார வேண்டியதுதான்.

5. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைத் தேடுங்கள்

வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், மென்பொருள் ஒப்பந்தம் எதுவானாலும் பின்பகுதியில் ‘நோ வேவர்’ என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கும். ‘நோ ஃபெயிலியர் ஆர் டிலே இன் எக்ஸர்சைசிங் எனி ரைட் ஷல் ஆப்பரேட் அஸ் எ வேவர்’ என்று தொடங்கும். ஓர் உரிமையைப் பயன்படுத்தத் தவறினாலும் தாமதித்தாலும் அதை விட்டுவிட்டதாக ஆகாது என்பது பொருள்.

இது எதற்கு? வீட்டுக்காரர் மாதம் ஐந்தாம் தேதி வாடகை வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டு, ஒரு வருடமாகப் பத்தாம் தேதி கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று ஒரு நாள் ‘ஐந்தாம் தேதி தரவில்லை, காலி செய்’ என்கிறார். ‘இத்தனை நாள் பேசாமல் இருந்ததால் நீங்களே அந்த உரிமையை விட்டுவிட்டீர்கள்’ என்று குடியிருப்பவர் வாதாடலாம், பல நாட்டுச் சட்டங்களில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. அதை அடைக்கத்தான் இந்தப் பத்தி. ஆகவே அது இருக்கும் ஒப்பந்தத்தில், எதிர்த்தரப்பு பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இந்த மாதம் பத்தாம் தேதி போதும்’ என்பதைக்கூட எழுத்தில் வாங்குங்கள். பத்தி இரண்டு தரப்புக்கும் பொதுவாக எழுதியிருக்கிறதா, அவர்களுக்கு மட்டுமா என்றும் பாருங்கள். ஒரு தரப்புக்கு மட்டும் என்றால் உங்களுக்கும் சேர்த்து மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை, பல இடங்களில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள்.

சாகச விளையாட்டு, உடற்பயிற்சிக்கூடம், பள்ளிச் சுற்றுலா போன்றவற்றில் ‘வேவ், ரிலீஸ் அண்ட் டிஸ்சார்ஜ்’ என்று மூன்று வினை வரிசையாக நிற்கும். வழக்குப் போடும் உரிமையை நீங்கள் விடுகிறீர்கள், அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறீர்கள், அவர்கள் கடமை தீர்ந்ததாக ஒப்புக்கொள்கிறீர்கள். வழக்கறிஞர்கள் ஒரே ஆணியை மூன்று முறை அடிக்கிறார்கள். இருந்தாலும் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. உதாரணமாகப் பிரிட்டனில், வியாபாரியின் கவனக்குறைவால் மரணமோ உடற்காயமோ நேர்ந்தால் அந்தப் பொறுப்பை ஒப்பந்த வரியால் தட்டிக்கழிக்க முடியாது, 1977-லிருந்தே சட்டம் அப்படி. நாட்டுக்கு நாடு இது மாறும். விபத்து நடந்த பிறகு ‘நீங்கள்தான் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாமல் அந்த நாட்டு வழக்கறிஞரிடம் ஒருமுறை காகிதத்தைக் காட்டுங்கள்.

6. கட்டணத்தை வேவ் செய்யச் சொல்லிக் கேட்பது எப்படி

இனி உங்களுக்கு லாபமான பக்கம். விண்ணப்பக் கட்டணம், தாமதக் கட்டணம், அபராதம் எதற்கும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நேரம்தான் இதில் பாதி வேலை. கட்டுவதற்கு முன் கேளுங்கள். கட்டிவிட்ட பிறகு அது ரீஃபண்ட் கோரிக்கையாகிவிடும், ‘கட்டணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டி முடித்துவிடுவார்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குப் பல வாரம் முன்பே கேட்பது நல்லது. வேவ் முடிவு வருவதற்குள் கடைசித் தேதி வந்தால், கட்டிவிட்டு அனுப்புவதா, காத்திருந்து தவறவிடுவதா என்ற சங்கடம். சில இடங்களில் வேவ் கோரிக்கையை விண்ணப்பத்தோடு சேர்த்தே தர வேண்டும். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஐ-912 படிவம் அப்படிப்பட்டது. அந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் மூல விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும், எல்லா வகை விண்ணப்பத்துக்கும் அது செல்லுபடியும் ஆகாது.

ஆவணங்களில் கேட்பது வழக்கமாக இவைதான்: வருமானச் சான்று அல்லது சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அரசு உதவி பெறுகிறவரானால் அதற்கான கடிதம், மாணவரானால் பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒரு கடிதம். தாமதக் கட்டணமானால் தாமதத்துக்கான ஆதாரம், அதாவது மருத்துவமனைச் சீட்டு, பரிவர்த்தனை தோல்வியடைந்த திரைப்பிடிப்பு போன்றவை. ஆங்கிலத்தில் இல்லாத சான்றுகளுக்கு மொழிபெயர்ப்பு கேட்பார்கள். உண்மையில் காசு செலவாவது அங்கேதான். சான்றளித்த மொழிபெயர்ப்பு பக்கக் கணக்கில் வரும், அவசரம் என்றால் இன்னும் ஏறும். வேவ் ஆகப்போகும் கட்டணத்தைவிட மொழிபெயர்ப்புச் செலவு அதிகமாக இருந்தால் பேசாமல் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் கௌரவத்துக்காக மல்லுக்கட்டுவது வீண்.

வேவர் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் ஆட்களிடம் போக வேண்டாம். கேட்கும் உரிமை உங்களுடையது, கொடுக்கும் அதிகாரம் நிறுவனத்துடையது. நடுவில் நிற்பவரிடம் இரண்டும் இல்லை.

கடனில் ஒரு பகுதியை வேவ் செய்து ஒரே தவணையில் தீர்க்கும் ஏற்பாடு வந்தால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே கேளுங்கள். கடன் வரலாற்றில் அது ‘முழுவதும் கட்டப்பட்டது’ என்று பதியுமா, ‘பேசித் தீர்க்கப்பட்டது’ என்று பதியுமா? இரண்டாவது பின்னால் கடன் வாங்கும்போது இடிக்கும். அப்புறம் வரி. அமெரிக்காவில், சில விதிவிலக்குகள் தவிர, இப்படி ரத்தான கடன் தொகையை வருமானமாகக் கணக்கிடுவார்கள். உங்கள் நாட்டில் எப்படி என்று கணக்காளரிடம் கேட்காமல் சந்தோஷப்பட வேண்டாம்.

7. கடிதத்தில் நீங்களே எழுதும்போது

இலக்கணம் எளிது. வேவ் செய்யப்படுவது பொருளோ நிபந்தனையோதான், ஆள் அல்ல. ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு வேவ் த லேட் ஃபீ’ சரி. ‘வேவ் மீ ஃப்ரம் த ஃபீ’ தவறு. ஆளைச் சொல்ல வேண்டுமானால் ‘எக்ஸெம்ப்ட் மீ ஃப்ரம்’ அல்லது ‘வேவ் த ஃபீ ஃபார் மீ’.

எதோடெல்லாம் சேரும்? உரிமை, உரிமைக்கோரல், கட்டணம், அபராதம், நிபந்தனை, விதி, காத்திருப்புக் காலம், ஆட்சேபணை, சட்டப் பாதுகாப்பு. எதோடு சேராது? பழக்கம், ஆசை, திட்டம், பதவி. புகைப்பதை வேவ் செய்ய முடியாது, அதற்கு ‘கிவ் அப்’. பதவியை வேவ் செய்ய முடியாது, அதற்கு ‘ரிசைன்’. கிடைக்கக்கூடிய ஒன்றை வேண்டாம் என்று இருப்பதற்கு ‘ஃபர்கோ’ பொருந்தும். குழப்பமாக இருந்தால் இரண்டாம் படியின் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். வற்புறுத்தவோ வசூலிக்கவோ அங்கே ஒன்றும் இல்லையென்றால் இந்த வினைக்கு அங்கே வேலையில்லை.

சொல் கம்பீரமாக இருக்கிறதே என்று நண்பருக்கு எழுதும் செய்தியில் போட வேண்டாம். ‘நீ தர வேண்டிய பணத்தை வேவ் செய்கிறேன்’ என்றால் விளையாட்டாக இருக்கும், அல்லது கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைப்பார்.

சொல்லைத் தேட இலவச இணைய அகராதிகளே போதும். மெரியம்-வெப்ஸ்டரும் கேம்பிரிட்ஜும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருகின்றன. பொருளைப் படிப்பதைவிட அந்த வாக்கியங்களைப் படிப்பதுதான் பயன்.

8. சொல் வந்த வழி, எழுத்துப்பிழை வராமல் இருக்கும் அளவுக்கு மட்டும்

கையசைக்கிற வேவ் பழைய ஆங்கிலச் சொல். இந்த வேவ் நார்மன் பிரெஞ்சு வழியாகச் சட்டத்துக்குள் வந்தது, அங்கே கைவிடுவது என்ற பொருள். ‘வெய்ஃப்’ என்ற சொல் இதன் உறவு. இப்போது அது ஆதரவற்ற குழந்தையைக் குறிக்கிறது. முன்பு, சொந்தக்காரர் இல்லாமல் கிடக்கும் பொருளையும், துரத்தப்படும் திருடன் வழியில் வீசிவிட்டு ஓடும் பொருளையும் குறித்தது. அந்தச் சொல்லிலும் ஏ-க்குப் பிறகு ஐ வரும். அதை நினைவில் வைத்தால் இதன் எழுத்து மறக்காது. பழைய இங்கிலாந்தில் ஆணைச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று அறிவிப்பதற்கு ஒரு சொல்லும், பெண்ணை அப்படி அறிவிப்பதற்கு இந்த ‘வேவ்’ என்ற சொல்லும் இருந்தன. சட்டம் அவளைக் கைவிட்டது என்று பொருள்.

‘வேவர்’ என்பதில் வரும் ‘அர்’ ஒலியைப் பார்த்து, ‘டீச்சர்’ போல ‘வேவ் செய்கிறவர்’ என்று நினைத்துவிடாதீர்கள். அது பிரெஞ்சு வினையின் ஈறு. ‘டின்னர்’, ‘சப்பர்’ இரண்டும் அதே வழியில் பெயர்ச்சொல்லானவை. ஆகவே வேவர் என்றால் விடும் செயல், அல்லது விட்டதைச் சொல்லும் காகிதம். ஆள் இல்லை.

9. கையெழுத்துக்குப் பிறகு

கட்டணம் வேவ் ஆனது என்று மின்னஞ்சல் வந்தால் அதை உடனே பிடிஎஃப் ஆக்கித் தனியாக வையுங்கள். அதில் உங்கள் பெயர், கணக்கு அல்லது விண்ணப்ப எண், எந்தக் கட்டணம், எந்தக் காலத்துக்கு என்ற நான்கும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பதில் போட்டு வாங்குங்கள், அன்றைக்கே கேட்டால் எளிதாகக் கிடைக்கும். வாடிக்கையாளர் சேவையில் பேசியதானால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு கணக்கு அறிக்கைகளைக் கட்டாயம் பாருங்கள். வேவ் செய்த தாமதக் கட்டணம் மறு மாதம் வேறு பெயரில் வந்து உட்காருவது உண்டு, அதன் மேல் வரி தனியாக வரும். வேவ் செய்த தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு, பழைய மின்னஞ்சலை இணைத்து, ‘த ஃபீ வாஸ் வேவ்ட் ஆன்’ என்று தேதியோடு ஒரு வரி எழுதி அனுப்பினால் பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். உரிமையை விட்டு நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்துக்கும் பிரதி கேட்டு வாங்குங்கள். டேப்லெட் திரையில் விரலால் கையெழுத்து வாங்குகிற இடங்களில் தாமாகத் தர மாட்டார்கள். அங்கேயே நின்று உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி, வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.